போர்டு மாட்டுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கடைக்குப் போர்டு மாட்டும்போது ஆள் விழுவது ஏணியில் ஏறிய பிறகுதான். ஆனால் விழுவதற்கான ஏற்பாடு பெரும்பாலும் அளவெடுக்கப் போன அன்றைக்கே முடிந்துவிடுகிறது. நீளம் இருபது அடி, உயரம் நான்கு அடி, செல்போனில் ஒரு போட்டோ, வாட்ஸ்அப்பில் டிசைன், பாதிப் பணம் அட்வான்ஸ். அவ்வளவுதான் அளவெடுப்பு. சுவர் எதில் கட்டியது, மேலே என்ன லைன் போகிறது, போர்டு எத்தனை கிலோ, எதில் நின்று மாட்டப் போகிறோம் என்ற கேள்விகள் எல்லாம் வண்டியிலிருந்து பிரேமை இறக்கிய பிறகுதான் வருகின்றன. அந்த நேரத்தில் பதில் எதுவாக இருந்தாலும் வேலை நடந்தே தீரும். "நாளைக்குத் திறப்பு விழா அண்ணே, இன்னைக்கே மாட்டிரணும்" என்று கடைக்காரர் நிற்பார். கையில் இருக்கிற ஏணியும் கையில் இருக்கிற போல்ட்டும்தான் தீர்மானிக்கும்.

எடையிலிருந்து தொடங்கலாம். இருபதுக்கு நான்கு அடிப் போர்டுக்கு 25 மில்லி (மில்லிமீட்டர்) சதுரக் குழாய், 2 மில்லி கனம், இரண்டடிக்கு ஒரு நெடுக்குச் சட்டம், நடுவில் ஒரு குறுக்கு என்று வைத்தால் குழாய் சுமார் 104 அடி ஓடும். மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. பிரேம் மட்டும் 45 கிலோ. அதன்மேல் 3 மில்லி ஏசிபி ஷீட் (இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) கிட்டத்தட்ட 30 கிலோ. எழுத்து, எல்இடி, அதற்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 85 முதல் 90 கிலோ. இதை ஆளுக்கொரு ஏணியில் நின்று இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் துளை போடுகிறார் என்றால் அதற்குப் பெயர் வேலை இல்லை. தூக்குகிறவரின் இரண்டு கையும் போர்டில் இருக்கிறது, ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. பிரேமை இரண்டு பத்தடித் துண்டாகச் செய்து, மேலே போல்ட் போட்டு இணைக்கும்படி பட்டறையிலேயே துளையிட்டுக் கொண்டுவந்தால் பாதி ஆபத்து பட்டறையோடு போய்விடும். அதைவிட நல்லது, சுவரில் முதலில் எல் ஆங்கிளை (எல் வடிவ இரும்புச் சட்டத்தை) மட்டும் மட்டம் பார்த்து அடித்துவிட்டு, போர்டைக் கொண்டுவந்து அதில் உட்கார வைப்பது. போர்டின் எடையை ஆங்கிள் தாங்கும்போது ஆள் நிதானமாகத் திருகு போடலாம்.

இனி அண்ணாந்து பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்நகர், கருங்கல் என்று எங்கே எடுத்தாலும் கடை முகப்புக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ஓர் ஓடை அகலம்தான் இருக்கும். சில இடத்தில் அதுவும் இருக்காது. மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி, 650 வோல்ட்டுக்கு உட்பட்ட தெரு லைன் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், மேலே போனால் 2.5 மீட்டர். 11 கிலோவோல்ட் லைனுக்குப் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். 33 கிலோவோல்ட் என்றால் பக்கவாட்டு இடைவெளி 2 மீட்டர்.

இதைப் படித்துவிட்டு "நாலடி இருக்கு, போதும்" என்று முடிவு கட்டுவதுதான் பெரிய ஆபத்து. அந்த இடைவெளி அசையாமல் நிற்கும் கட்டடத்துக்குச் சொன்னது. கடையில் வாங்கும் குழாய் ஒரு லென்த் இருபது அடி, அதாவது 6 மீட்டர். நடுவில் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் திரும்பினாலே இரண்டு முனையும் மும்மூன்று மீட்டர் சுற்றிவரும். அலுமினிய ஏணியைச் சாய்வாகத் தூக்கி நிமிர்த்தும்போதும் இதே கணக்குத்தான். மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி பிரேமை மேலே இழுக்கும்போது காற்றுக்குப் பிரேம் சுழல்வது இன்னும் மோசம். எனவே அளந்து பார்க்க வேண்டியது போர்டுக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தை இல்லை. கையில் இருக்கும் மிக நீளமான பொருள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பிக்கு எவ்வளவு மிச்சம் என்பதைத்தான்.

எது எந்த லைன் என்று கீழிருந்தே ஓரளவு தெரியும். கம்பத்தின் உச்சியில் பெரிய பீங்கான் மேல் மூன்று கம்பி போனால் அது உயரழுத்தம். அதற்குக் கீழே சின்னப் பீங்கானில் நான்கைந்து கம்பி போனால் தெரு லைன். ஒரே கம்பத்தில் இரண்டும் இருப்பது இங்கே சாதாரணம். உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, மிக நெருங்கினாலே பாய்ந்துவிடும். மூங்கில் ஏணியில் கரண்ட் பாயாது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஈரம் ஏறிய மூங்கிலில் தாராளமாகப் பாயும். நம் மாவட்டத்தில் ஜூன், ஜூலையில் ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. காய்ந்த மூங்கிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து கடைக்கு வரும் சர்வீஸ் வயரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போர்டு வரவேண்டிய அதே உயரத்தில்தான் அது சுவருக்கு வந்து சேரும். வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த உறை விரலால் வளைத்தாலே வெடிக்கும் நிலையில் இருக்கும். அதைப் போர்டுக்குப் பின்னால் தள்ளிச் செருகிவிட்டுத் திருகு போடுவது, பிரேம் முழுவதையும் மின்கம்பியாக்கும் வேலை. சர்வீஸ் வயரை நகர்த்துவது ஈபி ஆளின் வேலை. எழுதிக் கொடுத்து நகர்த்தச் சொல்லுங்கள், அல்லது 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் பதிவு செய்யுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தெந்த ஊரில் எந்த நாள் மின்தடை என்று பேப்பரில் வருகிறதல்லவா, லைன் பக்கத்தில் இருக்கும் வேலைக்கு அந்த நாளைப் பிடிப்பது நல்ல யோசனை. ஆனால் பேப்பரில் போட்டதாலேயே லைன் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. வேலை முன்கூட்டி முடிந்தால் சொல்லாமலே கரண்ட் வரும். பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் சரியான சேஞ்ச் ஓவர் (லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் ஓடினால் லைனில் பின்வழியாகவும் வரும். லைன்மேன் வந்து, நிறுத்தி, எர்த் போட்டு, வாயால் சொல்லும்வரை அது உயிருள்ள லைன்தான்.

தலைப்பில் சொன்ன சுவருக்கு இப்போது வரலாம். குமரி மாவட்டத்தில் ஒரே தெருவில் நான்கு விதச் சுவர் இருக்கும். கோட்டாறு போன்ற பழைய கடைவீதிகளில் ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புப் பூச்சும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் வெட்டுக்கல், அதாவது செம்பாறையில் வெட்டியெடுத்த கல். புதுக் கட்டடம் என்றால் கான்கிரீட் தூணும் நடுவில் செங்கல்லோ, உள்ளே வெற்றிடம் உள்ள சிமென்ட் கல்லான ஹாலோ பிளாக்கோ. மேலே பூசிப் பெயின்ட் அடித்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் பொள்ளலான சத்தம் வரும் இடம் தெரியும். ஆனால் உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: போர்டு மறைக்கப் போகும் இடத்தில் 6 மில்லி பிட்டால் ஒரு துளை. மெதுவாக, ஒரே சீராக இறங்கி வெளிர் சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட். பூச்சு தாண்டியதும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். பழுப்பும் மஞ்சளுமாக, கொரகொரவென்று, லேசான ஈரத்தோடு வந்தால் வெட்டுக்கல். பூச்சைத் தாண்டி ஓர் அங்குலம் போனதும் பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்.

நம் ஆட்கள் எல்லாச் சுவருக்கும் ஒரே ஆங்கர் போல்ட்டைத்தான் அடிக்கிறார்கள். ஆங்கர் போல்ட் பிடிப்பது விரிவதால். விரியும்போது எதிர்த்து அழுத்த உறுதியான பொருள் சுற்றிலும் இருக்க வேண்டும். கான்கிரீட்டில் அது இருக்கிறது. வெட்டுக்கல்லில் விரிய விரியக் கல் நொறுங்கும். ஹாலோ பிளாக்கில் ஓர் அங்குல ஓடுதான் இருக்கிறது, இறுக்கும்போதே வெடிக்கும், அல்லது அன்றைக்கு இறுகியதுபோல் காட்டிவிட்டு முதல் காற்றுக்குக் கழன்று வரும். இந்த இரண்டு சுவருக்கும் சரியான வழி மறுபக்கம்வரை துளைத்து 12 மில்லி திரெட் ராடு (நீளம் முழுதும் மரை உள்ள கம்பி) போட்டு, உள்பக்கம் 100 மில்லி சதுரத்தில் 6 மில்லி கனமுள்ள தகடு வைத்து நட்டு இறுக்குவதுதான். உள்ளே கடையின் அழகு கெடுகிறது என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். ரேக்குக்குப் பின்னால் வருமாறு இடம் பாருங்கள். முடியாவிட்டால் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை மருந்தை அடைத்துக் கம்பியை ஒட்டுவது, ஹாலோ பிளாக்காக இருந்தால் மருந்து உள்ளே கொட்டாமல் பிடிக்கும் வலைக்குழலோடு. அதிலும் துளைக்குள் தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதாமல் மருந்தை அடைத்தால் மருந்து தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. கெட்டியாகும் நேரம் டியூபிலேயே எழுதியிருக்கும். அதற்கு முன்னால் பாரம் ஏற்றக் கூடாது.

பூச்சு கணக்கில் வராது என்பதையும் மறக்கிறார்கள். 75 மில்லி போல்ட் வாங்கி, அதில் 6 மில்லி தகடு, 20 மில்லி பூச்சு, நட்டும் வாஷரும் 15 மில்லி போனால், உண்மையான சுவரில் நிற்பது 34 மில்லிதான். சுவரின் ஓரத்தில், மூலையில் அடிப்பதும் அப்படித்தான். விளிம்பு உடைந்து போல்ட்டோடு வரும்.

இரண்டு இடங்களைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம். ஒன்று மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர். பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல், மூன்றடி உயரம், உள்ளே ஒரு கம்பிகூட இருக்காது. அதில் நான்கடிப் போர்டை நிமிர்த்தி நிறுத்தினால் காற்று போர்டை மட்டும் தள்ளாது, சுவரையே மொத்தமாகச் சாலைக்குத் தள்ளும். மாடியில் நிற்கும் போர்டுக்குத் தாங்கல் பின்னால், தளத்தின் கான்கிரீட்டில் இருந்து சாய்வுச் சட்டமாக வர வேண்டும். துளையால் தளம் ஒழுகும் என்றால் அடைத்துக்கொள்ளலாம். இன்னொன்று சன்ஷேடு, ஜன்னல் வாசலுக்கு மேல் நீட்டி நிற்கும் கான்கிரீட் தட்டு. மூன்று அங்குலக் கனத்தில் இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கும் இதற்கு உயிர்நாடி மேல்பக்கம் ஓடும் கம்பி. மேலிருந்து துளை போட்டால் அந்தக் கம்பியைத்தான் அறுக்கிறோம். கட்டும்போதே மேலே வைக்க வேண்டிய கம்பியைக் கொத்தனார் கீழே மிதிக்கவிட்டிருந்தால் அது இத்தனை நாள் நிற்பதே தயவில்தான். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றுப் பட்டு அடிப்பக்கம் பூச்சு உப்பி, கம்பியில் துருத் தெரிந்தால் அதன்மேல் ஆள் ஏறவே கூடாது, பிறகு போர்டை எங்கே ஏற்றுவது? சன்ஷேடு என்பது நிற்கிற மேடை இல்லை.

காற்றைப் பற்றி நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று குவிந்து வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாடி. ஆனால் அதைக் கிலோவாக மாற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றுக்குச் சதுர மீட்டருக்கு 6 கிலோ. நம் இருபதுக்கு நான்கு போர்டு 7.4 சதுர மீட்டர், ஆக 45 கிலோ. ஏணியில் நிற்கிறவர் போர்டின் எடையோடு இந்த 45 கிலோவையும் பக்கவாட்டில் தாங்குகிறார். பாய்மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்பதுபோல. ஷீட் மாட்டாத வெறும் பிரேமை முதலில் ஏற்றிவிட்டு, அப்புறம் ஷீட்டைத் துண்டு துண்டாக ரிவெட் அடிக்கச் சொல்வது இதனால்தான்.

மாட்டிய பிறகு தாங்க வேண்டிய காற்று வேறு. காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, பக்கத்துத் திருவனந்தபுரத்துக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சதுர மீட்டருக்கு 93 கிலோ. சுவரோடு ஒட்டிய போர்டில் இது முழுதாக வராது. சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் பக்கவாட்டுப் போர்டில்தான் வரும். மூன்றடி அகலம், ஐந்தடி உயரம், எடை 25 கிலோ என்று ஒரு சின்னப் போர்டை எடுங்கள். காற்று தள்ளும் விசை 130 கிலோ. போர்டின் நடு, சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அடித்தகட்டில் போல்ட்டுக்குப் போல்ட் அகலம் 15 சென்டிமீட்டர் என்றால், ஒரு பக்கத்துப் போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய இழுப்பு 130ஐ நான்கால் பெருக்கி 520 கிலோ. 25 கிலோ போர்டுதானே என்று இரண்டு போல்ட் அடிக்கிறவர் இந்த 520ஐப் பார்ப்பதில்லை. தகட்டின் அகலத்தை 30 சென்டிமீட்டர் ஆக்கினால் இழுப்பு பாதியாகும். செலவு ஒரு துண்டுத் தகடு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இங்கே மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை நினைவில் வைத்தால் இந்தக் கணக்கு அதிகம் என்று தோன்றாது. புயல்கூட வேண்டாம். கோவை கருமத்தம்பட்டி அருகே 2023 ஜூனில் விளம்பரப் பலகை அமைக்கும் வேலையின்போதே பலத்த காற்றில் சட்டம் சரிந்து தொழிலாளர் மூவர் இறந்தார்கள். பாதி போல்ட் இறுக்கிய சட்டம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. வேலையை அந்த நிலையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் ஏற்றி முடிப்பது நல்லது. மதியத்துக்குமேல் காற்று ஏறும். சித்திரை, ஐப்பசியில் சாயங்கால இடி வேறு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மாடி இரும்புப் பக்கம் போகாதீர்கள்.

எதில் நிற்பது? ஏணி ஏறி இறங்க, நின்று வேலை செய்ய அல்ல. ஹேமர் டிரில்லுக்கு இரண்டு கையும் வேண்டும். பிட் உள்ளே கம்பியில் மாட்டிச் சிக்கினால் மெஷின் ஆளைத் திருப்பும். தரையில் என்றால் கை வலிக்கும், ஏணியில் என்றால் கீழே விழுவார். இருபதடிப் போர்டுக்கு ஹெச் பிரேம் சாரம் இரண்டு செட், மேலே முழு அகலத்துக்குப் பலகை, இடுப்புயரத்தில் தடுப்புக் குழாய், கால்மாட்டில் அரையடித் தடுப்பு. சக்கரம் வைத்த சாரமாக இருந்தால் வெளியிடத்தில் உயரம் அடிப்பக்க அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது, ஆளை மேலே வைத்துக்கொண்டு தள்ளவும் கூடாது. வாடகை அதிகம் என்பார்கள். போர்டின் விலையோடு சேர்த்துக் கொட்டேஷனிலேயே தனி வரியாக எழுதிவிட்டால் பாதிப் பேர் கேள்வியே கேட்பதில்லை. ஜேசிபி பக்கெட்டில் ஆளை ஏற்றுவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். அது மண் அள்ளச் செய்தது, ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் வெடித்தால் பிடித்து நிறுத்த அதில் ஒன்றுமில்லை.

ஏணிதான் கதி என்றால் நான்குக்கு ஒன்று: சாயும் உயரம் பன்னிரண்டு அடி என்றால் ஏணிக்கால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. மாடிக்கு ஏறுவதாக இருந்தால் விளிம்புக்கு மேல் மூன்றடி நீட்டி, உச்சியைக் கட்ட வேண்டும். ஓடை மூடிய சிலாப்பின்மேல் ஏணிக்கால் வைக்குமுன் சிலாப் ஆடுகிறதா என்று மிதித்துப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின்மேல் எப்போதும் கால் வைக்கக் கூடாது, ஆணி வரிசையில் மிதித்தால் தாங்கும் என்பது வெறும் நம்பிக்கை.

பெல்ட்டைப் பற்றி ஒரு கணக்கு. இடுப்பு பெல்ட் வேண்டவே வேண்டாம், அது இடுப்பையும் முதுகெலும்பையும் சேர்த்து முறிக்கும். ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ்தான், அதாவது தோள், மார்பு, தொடை எல்லாம் பிடிக்கும் பட்டை. ஆனால் அதைப் போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. ஹார்னஸைக் கொக்கியோடு இணைக்கும் லேன்யார்டு கயிறு இரண்டு மீட்டர், விழும்போது பிரிந்து நீளும் ஷாக் அப்சார்பர் 1.75 மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர், மிச்ச இடைவெளி ஒரு மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய புள்ளிக்குக் கீழே 6.25 மீட்டர், ஏறக்குறைய இருபத்தோரடி காலியாக இருக்க வேண்டும். ஒற்றை மாடிக் கடையில் பன்னிரண்டடி உயரத்தில் நிற்கிறவர் கால்மட்டத்தில் கொக்கியை மாட்டியிருந்தால், பெல்ட் இழுத்துப் பிடிக்குமுன் தரை வந்துவிடும். அங்கே தலைக்குமேல் மாட்டும் புள்ளியும் தானாகச் சுருளும் லேன்யார்டும் வேண்டும், இல்லையென்றால் சாரம்தான் வழி. புதிதாக அடித்த போர்டு பிரேமிலேயே கொக்கியை மாட்டுகிறவர்களைப் பார்க்கலாம். போர்டும் ஆளும் சேர்ந்து வருவார்கள். தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் தூணைச் சுற்றி ஸ்லிங் (கொக்கி மாட்டும் பட்டை) போடலாம், மாடிப்படி அறையின் தூணும் ஆகும். விழுந்து தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும், தொடைப்பட்டை இறுகி ரத்தம் காலிலேயே தேங்கும். யார், எதை வைத்து இறக்குவது என்பது ஏறுமுன் பேசிவைக்க வேண்டியது. 108 வரும்வரை தொங்கவிட முடியாது. தரையில் விழுந்தவர் விஷயம் நேர் எதிர்: தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போட்டு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள், கழுத்தும் முதுகும் அசையாமல் வைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

கீழே நிற்கிறவர்களை மறந்துவிடுகிறோம். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஸ்பேனர் தரைக்கு வரும்போது மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கருவிகளைக் கயிற்றால் கையிலோ சாரத்திலோ கட்டுங்கள். கடைக்குள் போகும் வழியைக் கயிறு கட்டி அடையுங்கள், ஒரு ஆள் கீழேயே நிற்கட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கரண்ட் இணைப்பு கடைசி வேலை, அவசரமும் அப்போதுதான். மெயினை நிறுத்திவிட்டோம் என்று கை வைக்கிறவர் இன்வெர்ட்டரை மறந்திருப்பார். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானே எடுத்துக்கொண்டு அதே வயரில் 230 வோல்ட்டைக் கொடுக்கும். இரண்டையும் நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். எல்இடி 12 வோல்ட்தான், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போவது 230. அதை மழை படாத பெட்டிக்குள், போர்டின் அடியில் தண்ணீர் தேங்காத உயரத்தில் வையுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பிரேமுக்குத் தனி எர்த் கம்பி, அந்த லைனுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). இரண்டும் இல்லாத இரும்பு பிரேம், மழை நாளில் ஷட்டரைத் தொடுகிறவருக்கு ஷாக் கொடுக்கும்.

மாட்டிய போர்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் பழக்கம். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் சாதாரண ஜிங்க் பூச்சுப் போல்ட் சீக்கிரமே சிவக்கும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததோ 316 ஸ்டெயின்லெஸ்ஸோ வாங்குங்கள், 304 கடலோரத்தில் கறைபிடிக்கும். அலுமினிய ரிவெட் இரும்புக் குழாயைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும், அதுதான் முதல் அறிகுறி. வருடத்தில் ஒருமுறை, சித்திரையில், காற்றுக் காலம் தொடங்குமுன் எல்லா நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய போர்டை இறக்குவது மாட்டுவதைவிட ஆபத்தான வேலை, கூலி மட்டும் பாதி. வெளியே பெயின்ட் பளபளக்கும், குழாய் உள்ளே தண்ணீர் நின்று அடிப்பக்கம் காகிதமாகியிருக்கும். கிரைண்டரை வைக்குமுன் போர்டை மேலிருந்து இரண்டு இடத்தில் கயிற்றால் தாங்கவிடுங்கள், கயிறு மாடித் தூணில் கட்டியிருக்கட்டும், யார் கையிலும் வேண்டாம். ஷீட்டை முதலில் கழற்றுங்கள், பிறகு பிரேமை ஒரு முனையிலிருந்து துண்டுதுண்டாக வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. பொறி பறக்கும் பக்கம் பழைய பிளக்ஸ் துணி இருந்தால் தீப்பிடிக்கும், ஒரு வாளித் தண்ணீர் கையருகே இருக்கட்டும். புதுப் போர்டு அதே இடத்தில் வருவதாக இருந்தால், பழைய ஓட்டைகளில் மறுபடி போல்ட் அடிக்காமல் அரையடியாவது தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.